சாமி மேடைக்கு முன்னால் செய்த பலகைகள்

ஐம்பது வயதுக்கு மேல் மரவேலை கற்றுக்கொள்ளக் கிளம்பும் ஆண்கள் மீது எனக்குத் துளியும் மரியாதை கிடையாது. அவர்களைக் கடையிலேயே அடையாளம் சொல்லிவிடுவேன். ஓர் உளியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அதில் என்ன பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கே தெரியாது. விளிம்பில் கட்டைவிரலை வைத்து, திருப்தியில்லாதவர்போல் உதட்டைப் பிதுக்கி, கடைக்காரர் தன்னை நிபுணன் என்று நினைத்திருப்பார் என்ற நிம்மதியோடு வாங்கிப் போவார்கள். மறுநாள் அதே கட்டைவிரலைக் கட்டிக்கொண்டு கிளினிக்கில் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். என் வரிசை எண் பதினேழு.

நான் குடியிருப்பது பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு ஃபிளாட்டின் ஒன்பதாவது மாடி. முதலில் மின்சாரத்தில் ஓடும் ரம்பம்தான் வாங்கினேன். ஒரே ஒரு சனிக்கிழமை ஓட்டினேன். திங்கட்கிழமை லிஃப்டுக்குள் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். என் வீட்டு எண்ணைப் போடவில்லை. 'ஒன்பதாவது மாடியில் உள்ள சிலர்' என்று பன்மையில் மரியாதை காட்டியிருந்தார்கள். அதன்பிறகு சத்தம் போடாத கைக்கருவிகளுக்கு மாறி, அது ஏதோ என் கொள்கை என்பதுபோல் அலுவலகத்தில் சொல்லிக்கொண்டேன். பட்டறை என்றால் பால்கனி. துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே, வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில், மகள் பள்ளியில் ஐந்தாம் படிவம் படித்தபோது வாங்கிய எழுதுமேசை. அவள் இப்போது பினாங்கில் வேலை பார்க்கிறாள். மேசை மட்டும் என்னிடம் மாட்டிக்கொண்டது.

இந்த அளவோடு இருந்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வாயைத் திறந்தேன்.

என் மனைவியின் தங்கையும் அவள் கணவரும் ஜெஞ்சாரோமில் புதிதாகத் தரைவீடு வாங்கியிருந்தார்கள். சாவி கைக்கு வந்துவிட்டது, மூன்று மாதம் கழித்துப் பால் காய்ச்சுவதாக நாள் குறித்திருந்தார்கள். அதைச் சொல்லத்தான் எங்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சகலை எல்லாவற்றையும் படம் போட்டுக் காட்டுகிற மனிதர். பந்திங் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு உரம் சப்ளை செய்கிறார். சுத்தமான சட்டை, பெரிய பிக்கப், எதைக் கேட்டாலும் 'அதுக்கு ஆள் இருக்கு' என்ற பதில். புது வீட்டில் சாமிக்கென்று சுவரில் மூன்றடி அகலத்துக்கு ஒரு மாடம் விட்டிருப்பதாகவும், அதற்குள் அடங்குகிற மாதிரி கிள்ளானில் சொல்லி ஒரு சாமி மேடை செய்யப் போவதாகவும் சொன்னார்.

"கடையில வாங்குறதா?" என்றேன். ஆட்டிறைச்சி வாயில் இருந்தது. "பிளைவுட் மேல பெயின்ட் அடிச்சுத் தேக்குன்னு குடுப்பான். நான் செஞ்சு தரேன் சகலை. நல்ல மரத்துல."

எங்கள் குடும்பத்தில் நான் சொல்லும் இந்த மாதிரி வாக்கியங்களுக்கு ஆயுள் குறைவு. யாராவது சிரிப்பார்கள், அப்பளம் கேட்பார்கள், அதோடு செத்துவிடும். அதை நம்பித்தான் சொல்லுகிறேன். அன்று கொழுந்தியாள் சிரிக்கத்தான் வாயெடுத்தாள்.

"அவர் செஞ்சிடுவார்" என்றாள் என் மனைவி.

இது எப்படிப்பட்ட விபத்து என்று விளக்க வேண்டும். இருபத்து நான்கு வருடமாக அந்த இரண்டு சகோதரிகளுக்கு நடுவே கணவர்களைப் பற்றிய பேச்சு ஒரே திசையில்தான் ஓடியிருக்கிறது. தங்கை சொல்லுவாள், அக்கா கேட்பாள். இவர் கூரை மாற்றினார், இவர் அம்மாவுக்கு மருத்துவமனையில் அறை மாற்றிக் கொடுத்தார், இவர் பையனுக்குக் காலேஜில் இடம் வாங்கினார். அக்காவிடம் பதிலுக்குச் சொல்ல ஒன்றும் இருந்ததில்லை. நான் வேடிக்கையாகப் பேசுவேன் என்பதைத் தவிர. அதையும் அவள் சொன்னதில்லை. முதல் தடவையாகத் தங்கை முன்னால் என்னைப் பற்றி மூன்று நொடி பெருமையாகப் பேசிவிட்டாள். அதற்குப் பிறகு அந்த மேடை சாமிக்காக அல்ல. அவள் வார்த்தைக்காக.

வீட்டுக்குத் திரும்பும்போது ஃபெடரல் ஹைவேயில் ஏசியைக் கடைசி எண்ணில் வைத்திருந்தேன்.

"குளிருது. ஏன் இவ்வளவு வெச்சிருக்கீங்க?"

"எனக்கு வேர்க்குது."

"இப்பவேவா?" என்றாள். அவளுக்கு என்னைத் தெரியும்.

பயந்தவன் வேலையை ஆரம்பிக்க மாட்டான். வேலைக்கு முன்னேற்பாடு செய்வான். அதற்கென்றே இணையத்தில் ஒரு கூட்டம் வீடியோ போட்டு வைத்திருக்கிறது. தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர், என் மொத்த ஃபிளாட்டும் இரண்டு தடவை அடங்குகிற கொட்டகையில் நின்றுகொண்டு, 'நாற்காலி மேசை என்று பறக்காதீர்கள், முதலில் பட்டறைக்கு வேண்டிய துணைப் பொருள்களைச் செய்யுங்கள், அரை மணி நேர வேலை' என்றார். கடவுள் நேரில் வந்து லீவு கொடுத்ததுபோல் இருந்தது.

முதலில் அறுப்பதற்கு ஒரு பலகை. இதைவிட எளிய பொருள் உலகத்தில் இல்லை. ஒரு சிறு பலகைக்கு அடியில் முன்பக்கம் ஒரு சட்டம், மேலே பின்பக்கம் ஒரு சட்டம். அடிச்சட்டம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். மேல் சட்டத்தில் மரத்தை அழுத்திக்கொண்டு அறுத்தால் நழுவாது. தாடிக்காரர் பேசிக்கொண்டே முடித்தார். எனக்கு இரண்டு வார இறுதி ஆனது. முதலில் இரண்டு சட்டத்தையும் ஒரே பக்கத்தில் ஆணி அடித்துவிட்டேன். பார்க்க ஒரு தட்டுபோல் இருந்தது. மனைவி அதில் வெங்காயம் வைத்திருந்தாள்.

இரண்டாவதைச் செய்து முடித்து அவளிடம் காட்டினேன்.

"இதான் சாமி மேடையா?"

"இல்ல. இது சாமி மேடை செய்ய உதவுற பலகை."

அடுத்தது, மரம் முறுக்கியிருக்கிறதா என்று பார்க்க இரண்டு நேரான குச்சிகள். பலகையின் இரண்டு முனையிலும் ஒவ்வொன்றாக வைத்து, குனிந்து ஒரு கண்ணால் பார்த்தால் முறுக்கு தெரியும்.

"இது?"

"அந்தப் பலகைக்கு எடுத்த மரம் சரியா இருக்கான்னு பார்க்குற குச்சி."

"சாமி எந்த வருஷம் குடி வரணும்னு சொல்லிடுங்க, நான் தங்கச்சிகிட்டச் சொல்றேன்."

அந்தச் சமயத்தில் ஒரு வாட்ஸ்அப் குழுவிலும் சேர்ந்திருந்தேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் கைக்கருவியால் மரவேலை செய்கிறவர்களாம், ஏறக்குறைய நாற்பது பேர். காலையில் ஒருவர் உளிகளைச் சுவரில் மாட்டிப் படம் போடுவார். பதினோரு பேர் கட்டைவிரலைத் தூக்குவார்கள். மறுநாள் இன்னொருவர் அதைவிட நல்ல சட்டத்தில் தன் உளிகளை மாட்டிப் படம் போடுவார். மூன்று மாதத்தில் அந்தக் குழுவில் ஒரு முக்காலியைக்கூட நான் பார்க்கவில்லை. எல்லாரும் என்னைப் போலவே எதற்கோ பயந்தவர்கள். யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார்களோ.

மூன்றாவதாகச் செய்ததுதான் என்னைக் கொன்றது. பலகையின் முனையைச் செங்கோணமாக இழைப்பதற்கான துணைப்பலகை. அகலமான ஒரு பலகை. அதன் வலது ஓரமாக இழைப்புளி படுத்தபடி ஓட ஒரு பாதை. பாதைக்குக் குறுக்கே, கனகச்சிதமாகத் தொண்ணூறு பாகையில் ஒரு தடுப்புச் சட்டம். மரத்தின் நீளமான ஓரத்தை அந்தத் தடுப்பில் ஒட்ட வைத்துப் பிடித்துக்கொண்டு இழைப்புளியை ஓட்டினால் போதும், முனை செங்கோணமாக வந்துவிடும். கற்றுக்குட்டியும் தப்பு செய்ய முடியாது என்று தாடிக்காரர் சொன்னார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை.

தடுப்பை மூலைமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்து ஒட்டினேன். ஒரு மயிரிழை வெளிச்சம்கூடத் தெரியவில்லை. பெருமை தாங்காமல் தடுப்பின் நடுவில் பென்சிலால் '90' என்று எழுதினேன். மேடைக்கான நியாத்தோ மரப்பலகைகளைக் கிள்ளானில் ஒரு மரக்கடையிலிருந்து ஏற்கனவே கொண்டுவந்திருந்தேன். பத்து அங்குல அகலம், நல்ல சிவப்பு. அடுத்த சனிக்கிழமை, சாமி படங்கள் உட்கார வேண்டிய தட்டுப்பலகையைத் தடுப்பில் வைத்து முனையை இழைத்தேன். ஓசையே இனிமையாக இருந்தது. மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் ஒட்டியது. மறுபக்கம் பல்லிக்குட்டி நுழைகிற அளவுக்கு இடைவெளி.

என் கைதான் என்று நினைத்தேன். திரும்ப இழைத்தேன். அதே கோணல். கோணலாவது ஒழுங்காக இருந்ததே என்று யோசிக்கிற நிதானம் எனக்கு எங்கே? உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். கடிகாரத்தில் நாடித்துடிப்பைப் பார்த்தேன். நூற்றுப் பதினெட்டு. ஒரு பலகையின் முனை ஒன்றரை மில்லிமீட்டர் சாய்ந்ததற்கு, மாடியிலிருந்து விழப் போகிறவனுக்கு வருகிற துடிப்பு. முனையை ரம்பத்தால் கொஞ்சம் அறுத்து எறிந்துவிட்டு முதலிலிருந்து இழைத்தேன். கோணல்.

துணைப்பலகையே தப்பு என்று முடிவுசெய்து அடுத்த வாரம் புதிதாக ஒன்று செய்தேன். அதிலும் தொண்ணூறு பாகை அச்சுப்போல் இருந்தது. அதிலும் பலகை கோணலாக வந்தது. ஒன்பதாவது மாடியின் ஈரக்காற்றைக் குறை சொன்னேன். மோனோரயில் போகும்போது கட்டடம் அதிர்வதைக் குறை சொன்னேன். தாடிக்காரரின் நாடு பூமத்திய ரேகைக்குத் தூரமாக இருப்பதால் அங்கே செங்கோணம் வேறு மாதிரி இருக்குமோ என்றுகூட ஒரு நிமிடம், வெட்கத்தோடு சொல்லுகிறேன், யோசித்தேன். மூன்றாவதாக ஒரு துணைப்பலகை செய்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் தட்டுப்பலகையை அறுத்தேன், இழைத்தேன், திட்டினேன்.

பால் காய்ச்ச எட்டு நாள் இருக்கும்போது, குற்றவாளி மரம்தான் என்று தீர்ப்பெழுதி, தட்டுப்பலகையையும் துணைப்பலகையையும் காரில் போட்டுக்கொண்டு கிள்ளான் மரக்கடைக்குப் போனேன். கடை நடத்துகிறவர் அறுபது வயதுச் சீனர். தோளில் துண்டு, வாயில் பல்குச்சி.

"பாஸ், உங்க மரம் முறுக்குது" என்றேன் மலாயில்.

அவர் தட்டுப்பலகையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். "எங்க முறுக்குது? நல்லாத்தான் இருக்கு லா." பிறகு துணைப்பலகையை வாங்கினார். தடுப்பின் முகத்தைக் கட்டைவிரலால் தடவினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இது என்ன மஞ்சளா? உள்ள புள்ளி மாதிரி ஒரு சிவப்பு. ஓட்டை அடைக்கிற புட்டியா?"

பார்த்தேன். சந்தனம். நடுவில் குங்குமம்.

என் மனைவி வெள்ளிக்கிழமை காலையில் வீட்டு நிலைக்குப் பொட்டு வைப்பாள். சந்தனம் மிஞ்சினால் வீணாக்க மாட்டாள். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜுக்குப் பொட்டு உண்டு. கேஸ் அடுப்புக்கு, வாஷிங் மெஷினுக்கு, இன்டர்நெட் பெட்டிக்கு உண்டு. புதுப் பொருள் எது வந்தாலும் அதன் நெற்றியைத் தேடிப்பிடித்து வைத்துவிடுவாள். துணைப்பலகைக்கு நெற்றி எது? முன்னால் நிற்கிறவரை நேரே பார்க்கிற தடுப்பின் முகம். மரம் வந்து ஒட்ட வேண்டிய அதே முகம். நடுவில் நான் ஏதோ எழுதியிருந்ததால், அதை அழிக்க வேண்டாம் என்று மரியாதையாகத் தள்ளி ஓர் ஓரத்தில் வைத்திருக்கிறாள். வாராவாரம் அதன்மேல் இன்னொன்று. காய்ந்து, படிந்து, கல்லாகியிருந்தது. மரத்தின் ஓரம் ஒரு பக்கம் அந்த மேட்டில் ஏறி உட்கார, மறுபக்கம் தடுப்பில் சாய, நான் மூன்று மாதத்தின் பெரும்பகுதியைப் பூமத்திய ரேகையோடு சண்டை போட்டுக் கழித்திருக்கிறேன். மூன்று துணைப்பலகைக்கும் வைத்திருக்கிறாள். புதுசு அல்லவா.

அதை நான் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. தினமும் பார்த்தேன். சந்தனப் பொட்டு இல்லாத பொருள்தான் எங்கள் கண்ணுக்கு உறுத்தும். இருக்கிறது கண்ணில் விழாது. வேறு எந்த ஊர்க் கற்றுக்குட்டியும் முதல் நிமிடத்தில் துடைத்து எறிந்திருப்பான்.

கடைக்காரர் பல்குச்சியால் அதைச் சுரண்டி எடுத்தார். மேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பலகையில் புட்டி வைத்து மரத்தைக் குறை சொல்லுகிறவனை அவர் தொழில் வாழ்க்கையில் பார்த்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சாமி சமாச்சாரம் என்றேன். உடனே மரியாதையாகச் சுரண்டியதை ஒரு காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்தார்.

உண்மையைச் சொன்னால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தேன். குற்றம் என்னுடையது இல்லை. இப்படி ஒரு விடுதலை என் கல்யாண வாழ்க்கையில் வந்ததே இல்லை. காகிதப் பொட்டலத்தைச் சமையலறை மேடையில் பிரித்து வைத்தேன்.

"மூணு மாசம். மூணு பலகை. எல்லாத்துக்கும் இதான் காரணம்."

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பொட்டலத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"கார் வாங்குனா டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வைக்கிறோம். நசுக்கிட்டுத்தானே போறீங்க? சக்கரம் மேடேறி நிக்குதுன்னு மூணு மாசம் ஷோரூம்லயே உக்காந்திருந்தீங்களா?"

"அது வேற."

"பொட்டு வெக்கிறது என் வேலை. தொடைச்சிட்டு வேலை செய்யறது உங்க வேலை. பலகை என்னாச்சு, அதச் சொல்லுங்க."

அப்போதுதான் அளந்து பார்த்தேன். முப்பத்தாறு அங்குலத்தில் ஆரம்பித்த தட்டுப்பலகை, திருத்தித் திருத்தி முப்பத்து நாலரையில் நின்றது. மூன்றடி மாடத்துக்குள் ஒன்றரை அங்குலம் குறைந்த மேடை. அந்தத் தடிமனில் நியாத்தோ அடுத்த வாரக் கடைசியில்தான் வரும் என்று மரக்கடை பாஸ் போனில் சொன்னார். அன்று மாலை அவள் தங்கையோடு தொலைபேசியில் பேசுவது காதில் விழுந்தது. "ஆமாம்டி, முடிக்கப் போறாரு. நீ ஏன் கவலப்படுற? நான் சொன்னேன் இல்ல." சாதாரணமாகத்தான் சொன்னாள். நான்தான் பால்கனிக்குப் போய்ப் பலகையை இன்னொரு தடவை அளந்தேன்.

அடுத்து நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை, ஆணி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் சாமி மேடை விற்கும் கடைக்குப் போனேன். திட்டம் மிகக் கீழ்த்தரமானது. மூன்றடியில் ஒன்று வாங்குவது, பால்கனியில் வைத்து வார்னிஷை உப்புத்தாளால் தேய்த்து எடுப்பது, ஒன்றிரண்டு இடத்தில் உளியால் காயப்படுத்துவது. என் கைவேலை என்று யாரும் நம்புகிற அளவுக்கு அதைக் கெடுக்க எவ்வளவு நேரமாகும் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டேன். மூன்று மாதத்தில் எனக்கு வந்த முதல் உருப்படியான வேலைத்திட்டம்.

கடைக்குள் பித்தளை விளக்குகளுக்கு நடுவே சகலை நின்றிருந்தார்.

"அண்ணே, எங்க இந்தப் பக்கம்?"

"சும்மா. திரி பார்க்க வந்தேன்."

"திரி எதிர்க் கடையில இருக்கு."

"நீங்க?"

கொஞ்சம் யோசித்தார். "நானும் திரிதான்."

உள்ளேயிருந்து கடைக்கார அக்கா வந்தார். அவரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை, தன் வியாபாரத்தைப் பார்த்தார். "அண்ணே, உங்க மேடை ரெடி. தேக்கு, மூணு அடி, மணி வெச்சுக் கேட்டீங்களே. பிக்கப்ல ஏத்திக்கிறீங்களா, லோரியில அனுப்பட்டா?"

சகலை விளக்கு ஒன்றைக் கையிலெடுத்து அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தார்.

"எப்ப ஆர்டர் குடுத்தாரு அக்கா?" என்றேன்.

"மூணு மாசம் ஆச்சு. ஒரு திங்கக்கிழமை, கடை தொறந்ததும் முதல் ஆளா வந்தாரு."

நான் வாயைத் திறந்தது ஞாயிற்றுக்கிழமை மதியம். அந்த ஆட்டிறைச்சி அவர் வயிற்றில் செரித்திருக்காது.

"தப்பா நினைக்காதீங்க அண்ணே" என்றார் சகலை. "ஸ்பேர் டயர் மாதிரி லா. டயர் வெடிக்கும்னு யாராவது ஆசைப்படுவாங்களா?"

"உங்க வீட்ல தெரியுமா?"

"ஐயோ, சொல்லிடாதீங்க. 'எங்கக்கா சொன்னத நம்பலையா'ன்னு என்னைத் தொலைச்சிடுவா." பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். "ஆமா, நீங்க நெஜமா எதுக்கு வந்தீங்க?"

"திரிக்குத்தான்" என்றேன். எதிர்க் கடையில் போய் வாங்கவும் வாங்கினேன்.

அவர் செய்ததும் நான் செய்யப் போனதும் ஒன்றேதான். அவராவது வெளிப்படையாகக் காசு கொடுத்துச் செய்தார். ஆனால் மூன்று மாதம் முன்பே, நான் ஒரு பலகையைக்கூடத் தொடுவதற்கு முன்பே, என்னால் முடியாது என்பதில் அவருக்கு இருந்த அந்த நம்பிக்கை என்னைப் பிடித்து உலுக்கிவிட்டது. என்மீது எனக்கே அவ்வளவு திடமான அபிப்பிராயம் இருந்ததில்லை. நல்லெண்ணமோ பக்தியோ என்னைப் பட்டறைக்குள் தள்ளவில்லை. எரிச்சல் தள்ளியது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கொழுந்தியாளுக்குப் போன் செய்தேன். என்ன சொல்வது என்று காரிலேயே நான்கு விதமாக ஒத்திகை பார்த்திருந்தேன். எல்லாம் மறந்துபோய், "மேடை ஒன்றரை அங்குலம் குறையுது" என்று மட்டும் வந்தது.

"அவ்வளவுதானே அத்தான்? ஒரு பக்கமா ஒட்டி வெச்சா அந்தச் சந்துல ஊதுபத்தி டப்பா நிக்கும்." அடுப்பில் எதுவோ தாளிக்கிற சத்தம் கேட்டது. "வேற ஏதாவது?"

வேறு எதுவும் இல்லை. இதற்காகவா நாடித்துடிப்பு பார்த்தேன்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அலுவலகத்துக்கு லீவு போட்டேன். துணைப்பலகையைத் துடைத்தேன். நான்கு முனையும் செங்கோணமாக வந்தன. ஆச்சரியப்படக்கூட நேரமில்லை. பக்கப்பலகைகளில் தட்டு உட்கார ஆழம் குறைந்த பள்ளமாகக் காடி வெட்டினேன். அதில் ஒன்று கொஞ்சம் அகலமாகிவிட்டது, மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்தேன். வாட்ஸ்அப் குழுவில் கொண்டாடுகிற, ஆணியில்லாமல் கோக்கும் புறாவால் இணைப்பு எதுவும் கிடையாது. பசை, ஆணி, வாயில் கெட்ட வார்த்தை. செவ்வாய்க்கிழமை சாயந்திரம் பால்கனியில் இரண்டு தட்டு வைத்த ஒரு சாமி மேடை நின்றது. மூன்று மாதம் பலகை செய்தவனுக்கு மேடை செய்ய இரண்டு நாள் ஆனது. அந்த மூன்று மாதத்தை யாராவது பயிற்சி என்று சொன்னால் நம்பாதீர்கள். கட்டிலுக்கு அடியில் ஒளிவதும் உடற்பயிற்சி என்றால் அதுவும் பயிற்சிதான்.

பால் காய்ச்சிய அன்று காலை ஜெஞ்சாரோமில் வெயில் ஏறுவதற்குள் போய்விட்டோம். தெருவுக்கு அந்தப் பக்கம், செம்பனை ஆரம்பிக்கிற இடத்தில், சகலையின் பிக்கப் நின்றிருந்தது. பின்னால் நீலக் கித்தான் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. கித்தானுக்கு மூன்றடி அகலத்தில் தோள் இருந்தது. பந்தய மைதானத்துக்கு வெளியே ஆம்புலன்ஸ் நிற்குமே, அந்த மாதிரி.

நானும் சகலையும் என் மேடையைத் தூக்கிக்கொண்டுபோய் மாடத்துக்குள் இடது பக்கமாக ஒட்டி வைத்தோம். வலது பக்கச் சந்தில் ஊதுபத்தி டப்பா கச்சிதமாக நின்றது. கொழுந்தியாள் படங்களை ஒவ்வொன்றாக வைத்தாள். பிள்ளையார். முருகன். தட்டு அசையவில்லை. அம்மன் படம் கண்ணாடிச் சட்டத்தோடு இரண்டு கை கொள்ளாத அளவு. அதை வைத்தபோது மேடைக்குள்ளிருந்து 'கிறுக்' என்று ஒரு சத்தம். சகலையின் கை கால்சட்டைப் பைக்குள் போனது. கார்ச்சாவி சத்தம் எனக்குக் கேட்டது. நான் மேடையை ஒரு தோளால் தாங்கலாமா, மயங்கி விழுவது போல் நடித்து எல்லார் கவனத்தையும் திருப்பலாமா என்று யோசித்தேன். என் மனைவி அசையவில்லை. கைகட்டிக்கொண்டு அம்மனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கட்டைவிரல் மட்டும் முழங்கைக்குள் அழுந்தியிருந்தது.

கடைசியாகப் பித்தளைக் குத்துவிளக்கு. கீழ்த்தட்டில். ஏற்றினார்கள். மேடை நின்றது.

"இது எங்க வாங்குனது?" என்று பின்னாலிருந்து ஓர் ஆன்டி கேட்டார்.

"வாங்கல" என்றாள் மனைவி. "அவர் செஞ்சது."

தங்கை திரும்பி அக்காவைப் பார்த்தாள். பதிலுக்குச் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. இருபத்து நான்கு வருடத்தில் அந்த இருவருக்கும் நடுவில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. அந்த அமைதிக்காகவே இன்னும் மூன்று மாதம் கோணலாக இழைக்கலாம்.

இலை போட்டுச் சாப்பாடு முடிகிற நேரத்தில் சகலை என்னை வாசலுக்கு இழுத்தார்.

"அண்ணே, அத என்ன பண்றது? கடையில திருப்பி எடுக்க மாட்டாங்க. வீட்டுக்குள்ளயும் கொண்டு வர முடியாது. சாமி மேடைய ஸ்டோர்ல போட்டா நல்லா இருக்குமா?"

"எத?" என்றாள் என் மனைவி. ரசப் பாத்திரத்தோடு பின்னால் நின்றிருந்தாள்.

சகலை என்னைப் பார்த்தார். நான் செம்பனை மரங்களைப் பார்த்தேன். பிறகு அவரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், அந்தத் திங்கட்கிழமை உட்பட. வெடிப்பாள் என்று காத்திருந்தேன். உள்ளூர ஆசைப்பட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவள் பாத்திரத்தைப் படியில் வைத்துவிட்டுத் தெருவைக் கடந்து போனாள். கித்தானைத் தூக்கிப் பார்த்தாள். மணி ஒன்றை விரலால் தட்டினாள். தட்டை அழுத்திப் பார்த்தாள். கதவு ஒன்றைத் திறந்து மூடினாள். என் மேடைக்கு அவள் இவ்வளவு நேரம் ஒதுக்கவில்லை.

"நம்ம வீட்டுக்கு எறக்கிடுங்க" என்றாள்.

"நம்ம வீட்டுக்கு நான் செய்யறேனே" என்றேன். "இப்பதான் கை வந்திருக்கு."

"தங்கச்சிகிட்டச் சொன்னேன், செஞ்சிட்டீங்க. அது போதும். நம்ம வீட்டுச் சாமிக்கு நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல." ரசத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சகலை நிம்மதியாக மூச்சு விட்டார்.

பிரிக்ஃபீல்ட்ஸில் நானும் அவரும்தான் அதைத் தூக்கினோம். நல்ல கனம். லிஃப்டுக்குள் சாய்த்துத்தான் நுழைக்க முடிந்தது. நான்காவது மாடியில் கதவு திறந்தது. ஓர் அக்கா ஏறினார். மேடையைப் பார்த்ததும் செருப்பைக் கொஞ்சம் தள்ளிவிட்டுக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"நல்லா இருக்கே. நீங்களே செஞ்சீங்களா அண்ணே? ஒன்பதாவது மாடியில உளி வெச்சிருக்கறது நீங்கதானே?"

சகலை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கடையில வாங்குனது" என்றேன். மூன்று மாதத்தில் வேர்க்காமல் நான் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான்.